பழம் அடைத்த வண்டி

ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். லால்குடிக்கு மேற்கே வாய்க்கால் கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர்… மறுபக்கம் வாழைத்தோட்டம். தெருவிளக்கு கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு பழைய பிக்கப் வண்டி, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்தது. உள்ளே இரண்டு பேர். அந்த வண்டி எப்போது வேண்டுமானாலும் ஆளைக் கொல்லும் என்று அதில் ஒருவனுக்குத் தெரியும். அவன்தான் அதை விற்றவன். ஓட்டிக்கொண்டு வந்தவனுக்குத் தெரியாது. அவன்தான் அதை வாங்கியவன்… விற்றவனின் சொந்த மச்சினன்.

இருங்கள். மேலே சொல்வதற்கு முன்னால், ஆஸ்டின், அந்தப் பழச்சீப்பை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிடு. கரண்ட் வரும்வரை மொட்டைமாடியில் உட்கார்ந்து பேய்க் கதை சொல்லு என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் என் முன்னால் யாரும் வாழைப்பழம் தின்னக் கூடாது. உரிக்கிற வாசனையே எனக்கு ஆகாது. மஜீதா, நீங்கள் சிரிக்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரியுங்கள், பார்ப்போம்.

அன்புச்செல்வனை உங்களுக்கெல்லாம் தெரியும். நானும் அவனும் ஒரே முதலாளியிடம் வண்டி ஓட்டியவர்கள். இன்றைக்கு அவன் இங்கே இல்லை, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். இருந்திருந்தால் பேச்சை எடுத்ததுமே எழுந்து கீழே போயிருப்பான். அவனுடைய அக்கா புருஷன் வீரமலைக்கு நடந்தது இது. வண்டியை ஓட்டியவன் அன்புச்செல்வன்.

வீரமலை பழைய பிக்கப் வண்டிகளை வாங்கி, பெயிண்ட் அடித்து விற்கிறவன். நம் எடமலைப்பட்டி புதூரிலேயே, மதுரை ரோட்டுப் பக்கம், ஒரு தகரக் கொட்டகை. நெற்றி நிறைய விபூதி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உள்ளே மட்டும் அத்தனையும் அழுக்கு. வருகிறவன் தோளில் கை போட்டு, ‘வாங்க தம்பி, இது நம்ம வீட்டு வண்டிங்க’ என்று வாய் கூசாமல் பொய் சொல்லுவான். என் தோளிலும் ஒரு தரம் கை போட்டிருக்கிறான். அந்தச் சட்டையை நான் அப்புறம் போடவே இல்லை.

அவன் செய்கிற காரியம் என்னவென்று சொல்ல வேண்டும். பிக்கப் வண்டிக்கு அடியில், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கூடு இருக்கும். என்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுகிற பல்சக்கரங்கள் அதற்குள்தான். பெரியதற்குக் கிரவுன் என்று பெயர். கூட்டுக்குள் கியர் ஆயில் ஊற்றியிருக்கும். அந்த ஆயிலை மோந்து பார்த்திருக்கிறீர்களா? அழுகிய முட்டையை விளக்கெண்ணெயில் போட்டுக் காய்ச்சிய மாதிரி… கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது.

வண்டிக்கு வயதானால் கிரவுன் தேய்ந்து கத்த ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உம்ம்ம்ம்… என்று ஏறும். காலை எடுத்தால் இறங்கும். கிளட்சை விட்டால் அடியில் ஒரு ‘டக்’. உள்ளே கெட்டுப் போய்விட்டது, பிரித்துப் பார் என்று வண்டி நம்மிடம் சொல்கிறது. அதைக் கேட்டுச் செலவு செய்கிறவன் பிழைத்துக்கொள்வான்.

வீரமலை செலவு செய்ய மாட்டான். வண்டியின் வாயை அடைப்பான். ஆயிலில் பாதியை வெளியே விட்டுவிடுவான். காந்தி மார்க்கெட்டில் கழித்துப் போட்ட, கனிந்து கருத்த வாழைப்பழத்தை அள்ளி வருவான். தோலோடு மரத்தூள் சேர்த்துப் பிசைந்து, அந்தக் கூட்டுக்குள் விரலால் குத்திக் குத்தி அடைப்பான். அவ்வளவுதான், வண்டி ஊமை. வாங்குகிறவன் ஓட்டிப் பார்த்து, ‘சத்தமே இல்லீங்களே’ என்று பூரித்துப் போவான். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் பழம் கருகி, தூள் கட்டியாகி, ஆயில் போகிற வழி அடைத்து, சக்கரத்துப் பேரிங் எரிந்து… ஒரு நாள் ஓட்டத்திலேயே பின் சக்கரம் தன் இரும்புத் தண்டோடு உருவிக்கொண்டு வெளியே போய்விடும்.

இந்தத் தில்லுமுல்லை வேறு சிலரும் செய்வார்கள் என்று கேள்வி. ஆனால் அடைத்து முடித்துவிட்டு, விரலை முகர்ந்து பார்த்துச் சிரிக்கிறவன் இவன் ஒருத்தன்தான். அவன் கொட்டகையில் வேலை பார்த்த ஆள் பிற்பாடு சொன்னது. த்தூ… சொல்லும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, குமட்டலில்.

அப்படி அவனிடம் வண்டி வாங்கியவர்களில் ஒருவன் பிச்சமுத்து. அந்த வாய்க்கால் கரை ஊர்க்காரன். தோட்டத்திலிருந்து தார் ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டிப் பிழைக்கிறவன். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே வண்டி முனக ஆரம்பித்துவிட்டது. அவன் மனைவி செல்லக்கிளிதான் போன் போட்டாள்.

“வண்டி ஒரு மாதிரியா கத்துதுங்க. கொண்டுக்கிட்டு வரச் சொல்லட்டுங்களா?”

“புது டயரும்மா. அப்டித்தான் கத்தும். பழகிரும்.”

அந்த வாரமே, வாய்க்கால் வளைவில் இடது பின் சக்கரம் கழன்றது. வண்டி கவிழ்ந்தது. பிச்சமுத்து வெளியே தெறித்து விழுந்தான். அவன் மேலேயே வண்டி சாய்ந்துவிட்டது… அந்த இரும்புக் கூட்டுக்கு நேர் கீழே அவன் முகம். கை இரண்டும் முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. அடிபட்டு அவன் சாகவில்லை. கூடு விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருந்தது ஒழுக ஆரம்பித்தது. சூடாக… கருப்பாக… பழமும் தூளும் ஆயிலும்… அவன் முகத்தில். தலையைத் திருப்ப முடியாது. கூப்பிடத்தான் வாயைத் திறந்திருப்பான். திறந்த வாய்க்குள்… விடியும்வரை.

போதுமா மஜீதா? இல்லை, இன்னும் இருக்கிறது. நான் சொல்ல வந்த அசிங்கமே இனிமேல்தான்.

காலையில் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? வாய் நிறைய வாழைப்பழம், ஓட்டும்போது தின்று புரையேறிச் செத்துப் போயிருக்கிறான் என்றார்கள். தின்ன ஆசைப்பட்டுச் செத்தவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். உண்மை தெரிந்தவன் ஒருத்தன். அவன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வெள்ளைச் சட்டையில் வந்தான். பந்தியில் உட்கார்ந்தான். பாயசத்தைக் கேட்டு வாங்கி இன்னொரு தரம் குடித்தான். கையைக் கழுவிக்கொண்டு செல்லக்கிளியிடம் போய், “அந்த வண்டி எதுக்கும்மா கண்ணு முன்னாடி கெடக்கணும்? மனசுக்குக் கஷ்டம். நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்” என்றான். காயலான் கடை விலைக்கு அதை வாங்கிக்கொண்டும் போனான். பேயை நான் மன்னித்துவிடுவேன். அந்தப் பாயசத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொட்டகைக்கு இழுத்து வந்து, நெளிசலைத் தட்டி, விரிசலுக்கு வெல்டிங் வைத்து, நீல வண்டியை வெள்ளையாக்கினான். அந்தக் கூட்டைக் கழுவக்கூட இல்லை. பழைய கசடு அப்படியே இருக்க, மேலே புதிய பழத்தைப் போட்டு அடைத்தான்.

அந்த நேரம் பார்த்து அன்புச்செல்வன் சொந்த வண்டி வேண்டும் என்று அலைந்தான். வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணு அக்காவுக்குத் தம்பி என்றால் உயிர். அம்மா போன பிறகு அக்காதான் அவனை வீட்டில் வைத்து வளர்த்தது. புருஷனைப் பிடித்துக்கொண்டார்.

“கொட்டாய்ல வெள்ளையா ஒன்னு நிக்கிதே, அத எந்தம்பிக்குக் குடுத்துருங்க. வெளியில எவங்கிட்டயாச்சும் ஏமாந்துட்டு வந்து நிக்கப் போறான்.”

வீரமலை என்னென்னவோ சாக்குச் சொன்னான். “ஏன், அதுல என்ன கொற?” என்று அக்கா கேட்டதும் கப்சிப். அது சரியில்லாத வண்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், மற்ற வண்டியெல்லாம் எப்படி என்று அடுத்த கேள்வி வருமே. அதனால் பேசாமல் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டான். தன் வீட்டில் தன் கண் முன்னால் வளர்ந்த பிள்ளைக்கு.

புது வண்டியில் முதல் லோடு போகும்போது கைராசிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். அக்காவுக்குத் தன் புருஷனின் கைராசி மேல் அவ்வளவு நம்பிக்கை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, “நீங்களே கூடப் போயிட்டு வாங்க, ஓகோன்னு வருவான்” என்று அவனை உள்ளே தள்ளி ஏற்றிவிட்டார். வேறு ஒருத்தன் வண்டியாக இருந்தால் அவன் நழுவியிருப்பான். பெண்டாட்டி பக்கத்தில் நின்று கதவைச் சாத்தினால் எங்கே நழுவுவது? எனக்கு இதில் சந்தோஷமாக இருந்த இடம் இது ஒன்றுதான்.

முதல் லோடு கிடைத்தது லால்குடிப் பக்கம். அதே வாய்க்கால் கரை. ஏற்றி முடிக்கவே நடுராத்திரி ஆகிவிட்டது. விடிவதற்குள் காந்தி மார்க்கெட்டில் இறக்க வேண்டும்.

“வேற ரோட்டுல போயிரலாமா மாப்ள?” என்றான் வீரமலை.

“அது சுத்து மாமா.”

கிளம்பியதிலிருந்தே ஒரு வாசனை. ஏற்றியது எல்லாம் பச்சைக் காய், அதற்கு வாசனை கிடையாது. ஆனால் கேபினுக்குள்… கனிந்து, வெடித்து, ஈ மொய்க்கிற பழத்தின் வாசனை. அதற்குள் அந்த ஆயில் நாற்றம். அன்புச்செல்வன் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டான். காற்று வந்தது, வாசனை போகவில்லை.

“மாமா, ஏதோ நாறுதுல்ல?”

“வாய்க்காத் தண்ணி. சாக்கடய விட்ருப்பானுங்க. நீ ரோட்டப் பாரு.”

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். கொஞ்ச தூரம். அப்புறம் ஆரம்பித்தது.

உம்ம்ம்ம்…

மிதித்தால் ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது. வீரமலைக்கு வியர்த்து ஊற்றியது. தன் கையாலேயேதானே இறுக்கி அடைத்தான்? அடைத்த வண்டி கத்தாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

“கிரவுன் கத்துதே மாமா?”

“புது டயரு மாப்ள. அப்டித்தான் கத்தும். பழகிரும்.”

சொல்லி முடிக்கவில்லை. சத்தம் பட்டென்று நின்றது. அந்த வளைவு வந்திருந்தது.

என்ஜின் ஓடுகிறது, வண்டி போகிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை என்கிறான் அன்புச்செல்வன். தவளைகூடக் கத்தவில்லை. அப்புறம் அடியிலிருந்து… வீரமலையின் காலுக்கு நேர் கீழே…

டொக்… டொக்… டொக்…

கையால் தட்டுகிற சத்தம் இல்லையாம். கை உபயோகப்படாத ஒருத்தன், மல்லாந்து கிடந்து, நெற்றியால் முட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

வீரமலை காலை அசைத்தான். பிசுக்கென்று ஒட்டியது. கீழே போட்டிருந்த ரப்பர் விரிப்புக்கு அடியிலிருந்து கருப்பாக ஏதோ கசிந்து வந்தது. கொழகொழவென்று, சூடாக. அதில் பழத்து நார், மெல்லிசாக, புழு மாதிரி, அவனுடைய கால் விரல் இடுக்கில் ஏறியது. அவன் கால் இரண்டையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக் குந்திக்கொண்டான். வெள்ளை வேட்டி முழுக்கக் கறை.

“நிறுத்து… நிறுத்துரா!”

அன்புச்செல்வன் பதறிப்போய் நிறுத்தினான். வீரமலை கதவைத் திறந்து குதித்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றான்.

“வயித்தக் கலக்குது மாப்ள. நீ போய்க்கிட்டே இரு. நான் எவன் வண்டிலயாச்சும் தொத்திக்கிட்டு வந்தர்றேன்.”

“இந்த இருட்டுலயா? நான் நிக்கறேன் மாமா, மெதுவா வாங்க.”

“மார்க்கெட்டுக்கு நேரமாயிரும். போ. நிக்காத. நல்லா மிதிச்சுப் போ.”

கேட்டீர்களா? நல்லா மிதிச்சுப் போ. மெதுவாகப் போ என்றாவது சொன்னானா? சக்கரம் எந்த நிமிஷமும் கழலும் என்று தெரியும். செத்தவன் காலடியில் வந்து முட்டியாகிவிட்டது. அப்போதும், ‘இறங்குடா, இந்த வண்டி வேண்டாம்’ என்று அந்த வாயிலிருந்து வரவில்லை. தான் இறங்கிக்கொண்டான். தன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் போய் விழட்டும் என்று அனுப்பிவிட்டான். இதைச் சொல்லும்போது அன்புச்செல்வன் அழவில்லை. காறித் துப்பினான்.

அவன் என்ன செய்வான், ஒன்றும் தெரியாத பையன். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று நம்பினான். இடப்பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான். மெயின் ரோட்டில் ஏறினான். வாளாடி தாண்டினான். அப்போது காலியான சீட்டில் ஸ்பிரிங் அமுங்குகிற சத்தம். கிறீச்…

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. லோடு வண்டியில் ஆயிரம் சத்தம் வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

உம்ம்ம்ம்…

மறுபடியும். வேகம் கூட்டினான், கூடியது. பயத்தில் இன்னும் மிதித்தான். இன்னும் கூடியது. டோல்கேட் வெளிச்சம் வந்து, போனது. மாமா சொன்ன மாதிரி டயர்தானோ என்று பார்க்க, என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருள விட்டான். என்ஜின் அடங்கியது. இந்தச் சத்தம் அடங்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சத்தம் பின்னால் இருந்து வரவில்லை. பக்கத்தில் இருந்து வருகிறது. தோளுக்கு ஒரு சாண் தூரத்தில், சூடாக, அந்த நாற்றத்தோடு.

மறுபடியும் வண்டியை உயிர்ப்பித்தான். கொள்ளிடம் பாலம் ஏறுகிற இடம். எதிரே ஒரு லாரி. அதன் வெளிச்சம் கேபினுக்குள் அடித்த அந்த ஒரு நொடி, முன் கண்ணாடியில் பக்கத்து சீட் தெரிந்தது.

ஒரு ஆள். கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது. வாய் மூட முடியாத அளவுக்கு அடைத்திருக்கிறது. கடைவாயில் கருப்பாக ஒழுகி, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்குகிறது. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். இவனைப் பார்த்தபடி தலையை ஆட்டுகிறான். இப்படியும் அப்படியும். வேண்டாம்… வேண்டாம்… என்கிற மாதிரி. அந்த உம்ம்ம்… அவன் வாய்க்குள்ளிருந்துதான் வருகிறது. வாய் நிறைய அடைபட்ட ஒருத்தன், எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லிவிடப் பார்க்கிற சத்தம்.

அன்புச்செல்வன் பிரேக்கில் ஏறி நின்றான்.

வண்டி இழுத்துக்கொண்டு போய் நிற்கப் போகிற நேரம்… டக். இடது பின்பக்கம் தொப்பென்று இறங்கியது. சக்கரம் தன் தண்டோடு உருவிக்கொண்டு, வண்டியைத் தாண்டி, பாலத்தில் தானாக உருண்டு போனது. கைப்பிடிச் சுவரில் மோதி, எகிறி, அந்தப் பக்கம் விழுந்தது. கீழே ஆற்று மணலில் ‘தொப்’ என்று கேட்டது. எதிரே ஸ்ரீரங்கத்துக் கோபுர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வேகத்திலேயே பாலத்துக்குள் போயிருந்தால் சக்கரத்துக்குப் பின்னால் இவனும் அந்த மணலில்தான்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட் நனைந்திருந்தது. பல் தேய்க்காத வாயைக் கிட்டத்தில் திறந்த மாதிரி ஒரு வாடை. அவன் கீழே இறங்கி, பாலத்து ஓரத்தில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அப்புறம் மாமாவுக்குப் போன் போட்டான். பாவம், அவர் இருட்டில் நிற்பாரே என்று.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

“மாமா, சக்கரம் கழண்டுகிச்சு மாமா. நான் பொழச்சதே பெரிசு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“மாமா?”

“உம்ம்ம்ம்…”

விடிந்ததும் டோல்கேட் பக்கம் பட்டறை வைத்திருக்கிற சவரிராயன் வந்து அந்த இரும்புக் கூட்டைப் பிரித்தார். மூடியைக் கழற்றியதும் கருப்பாக, கட்டி கட்டியாக வந்து விழுந்தது. பழம், தூள், இரும்புச் சில்லு. இந்த வேலையை அவர் முன்னேயும் பார்த்திருக்கிறார், ஆச்சரியப்படவில்லை. ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தவர், அதைக் கீழே உதறிவிட்டுத் தள்ளி நின்றார்.

“இது கிரவுன்ல அரைபட்டது இல்லீங்க. மென்னுருக்கு. இங்க பாருங்க… எச்சி. நூலு நூலா வருது.”

அதற்கு மேல் அந்த வண்டியில் அவர் கை வைக்கவில்லை.

அதே நேரம் வாய்க்கால் வளைவில், தார் வெட்டப் போனவர்கள் வீரமலையைப் பார்த்தார்கள். மல்லாந்து கிடந்தான். கை இரண்டும் முதுகுக்கு அடியில். கன்னம் உப்பி, வாய் நிறைய… உங்களுக்குத் தெரியும். விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வந்துகொண்டே இருந்ததாம். உயிர் இருந்தது. ஊர் கூடிவிட்டது. செல்லக்கிளியும் வந்தாள். ஆளை அடையாளம் தெரிந்தது அவளுக்கு. திட்டவில்லை, அழவில்லை.

“எம்புருசனும் இப்டித்தாங்க கெடந்தாரு. இவருதாங்க அந்த வண்டியக் குடுத்தவரு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அந்த வார்த்தையையும் கூட்டில் இருந்த வெல்டிங் தழும்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் அன்புச்செல்வனுக்கு எல்லாம் விளங்கியது.

வீரமலை இப்போதும் உயிரோடுதான் இருக்கிறான். புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். நாக்கில் கோளாறு இல்லை, தொண்டையில் கோளாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவன் பேசுவதில்லை.

அவன் விற்ற வண்டிகள் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. திண்டுக்கல், புதுக்கோட்டை, அரியலூர் என்று எங்கெங்கோ. எதில் பழம் அடைத்திருக்கிறது என்று அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அன்புச்செல்வன் அவன் காலைப் பிடித்துக் கேட்டான். “வேற எந்தெந்த வண்டி மாமா? யாரு யாருக்குக் குடுத்தீங்க? சொல்லிட்டா அவங்களாவது பொழச்சிப்பாங்க.” வீரமலை அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாய் இறுக மூடியிருந்தது. கையில் பேனாவைத் திணித்தால் கீழே போட்டுவிடுகிறான். அவனால் முடியவில்லையா, அவனுக்கு மனமில்லையா? மனமில்லை என்றுதான் நான் சொல்வேன். இன்னும் தன் வியாபாரத்தைக் காப்பாற்றுகிறான், படுக்கையில் கிடந்துகொண்டு.

ராத்திரியில் மட்டும் அவனிடமிருந்து ஒரு சத்தம் வரும். மூடிய வாய்க்குள்ளேயே. உம்ம்ம்ம்… ஏறும், இறங்கும், ஏறும். வள்ளிக்கண்ணு அக்கா முதலில் அதைக் குறட்டை என்று நினைத்தார். ஒரு நாள் அது ஏறிக்கொண்டே போய், பட்டென்று நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று அக்காவும் படுத்துவிட்டார். மறுநாள் டிவியில், துவரங்குறிச்சிப் பக்கம் ஒரு பிக்கப் வண்டி கவிழ்ந்து கிடந்ததைக் காட்டினார்கள். பின் சக்கரம் இல்லை. பச்சைப் பெயிண்ட். கொட்டகையில் அக்காவே பொட்டு வைத்து அனுப்பிய வண்டி.

அதற்கப்புறம் இன்னொரு நாள் நின்றது. அந்த நாளைப் பற்றி அன்புச்செல்வன் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

இப்போது அக்கா தூங்குவதில்லை. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்கிறவரை எங்கேயோ ஒருவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

போன வாரம் அக்கா வீட்டிலிருந்து அன்புச்செல்வன் எனக்குப் போன் செய்தான். ஏதோ வேலை விஷயம். பேச்சுக்குப் பின்னால் அது எனக்கும் கேட்டது. உம்ம்ம்ம்… ஏறியது. இன்னும் ஏறியது. இவன் பேசுவதை நிறுத்திவிட்டான். நானும் மூச்சு விடவில்லை.

நின்றுவிட்டது.

“ஐயோ… யாரு பெத்த புள்ளையோ…” என்று அக்கா அழ ஆரம்பித்தது கேட்டது. அதற்குப் பின்னால், அக்காவின் அழுகைக்கும் பின்னால், அந்த உம்ம்ம் வந்த இடத்திலிருந்தே இன்னொரு சத்தமும் கேட்டது. வாய் நிறைய எதையோ போட்டுக்கொண்டு, நிதானமாக, சப்புக்கொட்டி மெல்லுகிற சத்தம்.